வாசல் வெளிச்சம்

ஹட்டனில் இராமையா முதலாளியின் புடவைக்கடையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சேலையை எடுத்தாலும் வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் விரித்துக் காட்டாமல் பொட்டலம் கட்டமாட்டார்கள். உள்ளே எரிகிற டியூப் லைட் வாய் கூசாமல் பொய் சொல்லும். நீலத்தைப் பச்சை என்று காட்டும், பச்சையைச் சாம்பல் என்று காட்டும். தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வருகிற பெண்களும் சும்மா ஆட்கள் இல்லை. "அதெல்லாம் இருக்கட்டும், வாசலுக்கு வாங்க" என்று விற்கிற ஆளையே இழுத்துக்கொண்டு போவார்கள்.

அப்படி இழுபடுகிற ஆள் சுலக்ஷனா. கடையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வாசலுக்கும் கல்லாவுக்கும் இடையில் அவள் நடந்த நடையைச் சேர்த்து வைத்தால் நானுஓயா வரைக்கும் போய் வந்திருக்கலாம். முன்கையில் சேலையைப் போட்டு, முந்தானையை ஒரு சுழற்றுச் சுழற்றி, பனிமூட்டத்துக்குள் நீட்டிப் பிடிப்பாள். அவள் பிடித்தால் வாங்கிவிடத் தோன்றும் என்று மற்றக் கடைக்காரர்களே சொல்வார்கள்.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கூறைச்சேலை மாப்பிள்ளை வீட்டுப் பொறுப்பு. ஆனால் பிறந்த வீட்டுப் படியை விட்டு இறங்கும்போது கட்டுகிற சேலை அண்ணன் எடுத்துக் கொடுப்பதாக இருக்கவேண்டும். அதுதான் அவர்கள் குடும்பத்துப் பழக்கம். அண்ணன் ஜீவராஜ் கட்டாரில் இருந்தான். கம்பெனிக்காரன் லீவு கிடையாது என்று கையை விரித்துவிட்டான். கல்யாணத்துக்கு அவனால் வரமுடியாது. வரமுடியாதவனுக்கு மிஞ்சியது அந்த ஒரு சேலைதான்.

"தங்கச்சி, அங்க ஒண்ணும் எடுக்காத. இன்டர்நெட்டுல வெளிநாட்டுச் சேலையெல்லாம் இருக்கு. இங்க ஒரு மலையாளத்துக்காரரு அவரோட பேங்க் கார்டுல வாங்கித் தர்றேன்னாரு. நீ பாத்து ஒண்ணச் சொல்லு, நான் அனுப்புறேன்" என்று போனில் சொன்னான்.

மருந்துக்கடைக்கு மேலே இருந்த நெட் கபேக்குப் போய் உட்கார்ந்தாள் சுலக்ஷனா. திரையில் அரக்கு நிறத்தில் ஒரு பட்டு. தங்கக் கரை. கட்டியிருந்தவள் கழுத்தைச் சாய்த்துச் சிரித்தாள். இத்தனை காலம் சேலைக்கு நடுவிலேயே கிடந்தவள், ஒரு படத்தைப் பார்த்து அப்படியே விழுந்துவிட்டாள். கையால் தொடாமல், வாசலில் விரிக்காமல் ஒரு சேலையை இதுதான் என்று முடிவு பண்ணியது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

சிக்கல் விலாசத்தில் வந்தது. வீட்டு இலக்கம் என்ன, தெருப் பெயர் என்ன என்று அந்தக் கம்ப்யூட்டர் கேட்டது. வரிசை வீடாகக் கட்டிய தோட்டத்து லயத்துக்கு ஏது தெரு? தோட்டத்துக்கு வருகிற பார்சல் முதலில் ஆபீசுக்குப் போகும். அங்கிருந்து காலைப் பெரட்டுக்கு வந்து, ஆள் பேர் கூப்பிடும் இடத்தில் எல்லார் முன்னாலும் கொடுப்பார்கள். அவள் கைக்கு வருவதற்குள் டிவிசனில் உள்ள அத்தனை பேரும் பிதுக்கிப் பார்த்திருப்பார்கள். யோசித்து யோசித்து, கடை விலாசத்தைக் கொடுத்துவிட்டாள்.

ஒரு புடவைக்கடையில் வேலை செய்துகொண்டு, அந்தக் கடை முகவரிக்கே வெளியிலிருந்து சேலை வரவழைக்கிற புத்திசாலியை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? கூரியர்காரன் வரும்போது நாம் வாசலில்தானே நிற்போம், சத்தமில்லாமல் வாங்கிவிடலாம் என்பது அவள் கணக்கு. அவனோ அவள் பின்னறையில் சோறு தின்றுகொண்டிருந்த நேரம் பார்த்து வந்தான்.

கை கழுவிவிட்டு வந்தபோது மேசை மேல் சேலை பிரிந்து கிடந்தது. ஏதோ வியாபாரி அனுப்பிய சாம்பிள் என்று நினைத்து முதலாளி பிரித்திருந்தார்.

"யாரு புள்ள இத அனுப்புனது?"

"எங்க அண்ணன்ங்க முதலாளி. எனக்குத்தான். கல்யாணத்துக்கு."

முதலாளியின் முகம் சுண்டிப்போனது. அந்தக் கடையில் வேலை செய்கிற பெண்ணுக்குக் கல்யாணம் என்றால், வந்து இறங்குகிற சரக்கில் நல்லதாக ஒன்றை மேல் தட்டில் ஒளித்துவைப்பது அவர் பழக்கம். அவளுக்கும் வைத்திருந்தார். அதைச் சொல்லவில்லை. கை மட்டும் பழக்கதோஷத்தில் சேலையை எடுத்தது. கால் வாசலுக்கு நடந்தது.

வாசலில் அது கறுப்பு.

அரக்கும் இல்லை, கருஞ்சிவப்பும் இல்லை. நல்ல கறுப்பு. கல்யாணப் பெண் வீட்டு வாசலைத் தாண்டும்போது தொடக்கூடாத நிறம். முதலாளி அதை மடித்தார். கண்ணை மூடிக்கொண்டே நறுக்கென்று மடிக்கிற மனுஷன், அன்று கோணல்மாணலாக மடித்துக் கொடுத்தார்.

பின்னறையில் போய் அழுதாள் சுலக்ஷனா. சேலை போனதற்காக இல்லை. அண்ணன் அறையில் கூட இருக்கிற அத்தனை பேரிடமும் சொல்லி மகிழ்ந்திருப்பான். திருப்பி அனுப்பி வேறு வாங்குவதற்குள் கல்யாணமே முடிந்துவிடும்.

அதற்குப் பிறகு முதலாளி அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. "அந்தப் புள்ளைய வரச் சொல்லுங்க" என்று காற்றோடு பேசினார். நெட் கபே பக்கம் பார்க்கும்போதெல்லாம், "படத்தப் பாத்துச் சேல எடுக்குறவங்க, படத்தப் பாத்தே சோறும் தின்னட்டும்" என்று முணுமுணுத்தார்.

அவளோ ஒரு பொய்யைத் தயார் பண்ணிவைத்தாள். கடையிலேயே அரக்கில் ஒன்று எடுத்துக் கட்டிக்கொள்வது. போட்டோவில் பார்க்கிற அண்ணனுக்கு என்ன தெரியப்போகிறது?

வெள்ளிக்கிழமை ஜீவராஜ் கூப்பிட்டான். திம்புள்ளையிலிருந்து வந்த ஒரு அம்மாவுக்குச் சேலை காட்டிக்கொண்டிருந்தவள், போனைக் காதில் வைத்தாள்.

"வந்திருச்சா தங்கச்சி? நிறம் எப்படி? வாசல்ல வெச்சுப் பாத்தியா?"

எல்லாப் பொய்யும் அந்தக் கடைசிக் கேள்வியில் நொறுங்கியது. கடைக் கதைகளை அவள்தானே அவனுக்கு வாராவாரம் சொல்லியிருந்தாள்.

"பாத்தேன் அண்ணே. கறுப்பா இருக்கு."

"அப்போ நீ எறங்குற அன்னைக்கு எங்கிட்ட இருந்து ஒண்ணுமே இல்லியா?" என்றான் அண்ணன்.

அவளுக்குக் கண்ணீர் கொட்டியது. அந்த அம்மா கையிலிருந்த சேலையை விட்டுவிட்டு இவளையே பார்த்தாள். கல்லாவில் இருந்த முதலாளி எழுந்து வந்து, போனைப் பிடுங்காத குறையாக வாங்கினார்.

"தம்பி, நான் இராமையா பேசுறேன். நீங்க தங்கச்சிக்குச் சேல எடுக்கணும், அம்புட்டுத்தானே? இப்பவே எடுங்க. நான் வாசல்ல நிக்கிறேன்."

"முதலாளி, நான் இங்கேருந்து எப்படிங்க..."

"உங்களுக்குக் காது இருக்குல்ல? புள்ள, மேல் தட்டுல துணி சுத்தி வெச்சிருக்கேன் பாரு, அத எடு. மத்ததையும் கொண்டா."

சுலக்ஷனா ஒவ்வொன்றாக விரித்தாள். முதலாளி போனைச் சத்தமாக வைத்து, வாசற்படியில் நின்று சொல்ல ஆரம்பித்தார். அவர் ஒளித்துவைத்திருந்தது அரக்கு. அதைத்தான் முதலில் சொன்னார். குரலில் பெருமை வழிந்தது.

"அரக்கு வேணாங்க முதலாளி. அதுலதான் ஏமாந்தேன்."

முதலாளிக்குச் சுருக்கென்றது. விழுங்கிக்கொண்டார். "மஞ்ச ஒண்ணு இருக்கு. கோயில்ல அரைக்கிற மஞ்ச இல்ல, பழுத்த வாழப்பழத் தோல் மாதிரி."

"ம்ஹூம்."

"பச்ச. தேயிலையக் கவ்வாத்து வெட்டுன மலையில புதுசா வரும்ல, அந்தத் தளிர்ப் பச்ச. கரை செவப்பு."

சுலக்ஷனாவுக்கு அந்தச் சேலையைக் கண்டாலே ஆகாது. சுற்றிலும் பார்ப்பது எல்லாம் பச்சை, இதில் உடுத்துவதும் பச்சையா என்று எத்தனையோ பேரை அவளே திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

"எங்க லயத்துக்குப் பின்னால, தண்ணி வர்ற பீலிக்கு மேல ஒரு மலை இருக்குதுங்க. விடியக்காத்தால பனி விலகுறப்போ தெரியுமே, அந்த மாதிரியா?" என்றான் ஜீவராஜ்.

முதலாளி அவர்கள் லயத்தைப் பார்த்ததே இல்லை. "அப்படியா புள்ள?" என்று அவளிடம் கேட்டார்.

அவள் முந்தானையைச் சுழற்றி வெளியே நீட்டிப் பிடித்தாள். தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு வரிசையில் நிற்கும்போது அண்ணனும் அவளும் பார்த்த மலை, அவள் முன்கையில் கிடந்தது.

"அதேதான் அண்ணே."

"அப்போ அதத்தான் கட்டிக்கிட்டு எறங்குற."

"சரிண்ணே."

திம்புள்ளை அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நல்ல தெரிவு" என்றாள். முதலாளி பச்சைச் சேலையை ஒரு சுருக்கம் இல்லாமல் மடித்து, "சுலக்ஷனா, அண்ணன் எடுத்தது, பத்திரமா வை" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். கறுப்புச் சேலை அந்த மேல் தட்டுக்குப் போனது. ஜீவராஜ் ஊருக்கு வரும்போது அதை வேறு யாருக்காவது கொடுத்துக்கொள்ளலாம் என்றார்.

பிறகு போனைத் தூக்கிக்கொண்டு உள்ளே திரும்பினார்.

"முதலாளி, உள்ள போயிறாதீங்க" என்றது போன். "அங்க மழையா? பஸ் ஹோர்ன் சத்தம் கேக்குது. கொஞ்ச நேரம் அங்கனேயே நில்லுங்களேன்."

முதலாளி படியில் இறங்கி, போனைப் பிடித்த கையைத் தெருப்பக்கம் நீட்டினார். சட்டைக் கை நனைந்தது. கடைக்குள் ஆட்கள் காத்திருந்தார்கள். அவர் அப்படியே நின்றார்.