பத்து வினாடி

“ஏப்பா, சும்மா நிக்கிறதும் ஒரு வேலையா?” என்று சந்தோஷ்குமார் ஐந்து வயதில் ஒருநாள் கேட்டான். வயலுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. வரப்பில் நின்றிருந்த வெள்ளைச்சாமி சிரித்தபடி அவனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். பதில் சொன்னதாக நினைவில்லை.

இப்போது அவருக்கு எழுபத்து மூன்று வயது. மனைவி அழகம்மாளுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகிறது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், அங்கிருந்து குளியலறைக்கும் அவளைத் தூக்கிப் போகிறவர் அவர்தான். போன மாதம் இரண்டு தடவை அவளோடு சேர்ந்து விழுந்தார். இரண்டாவது தடவை அவள் நெற்றியில் நான்கு தையல்.

கத்தாரில் வேலை பார்க்கும் சந்தோஷ்குமார் போனில் அழுதுவிட்டான்.

“பிசியோதெரபி பாக்குற பொண்ணு வரும்பா. நீ நிக்கிறத அளந்து பாக்கட்டும். உன்னால தாங்க முடியும்னு அது சொன்னா அம்மா வீட்டுலயே இருக்கட்டும். இல்லாட்டி திருச்சி முதியோர் இல்லத்துல சேத்துருவோம். அங்க பொம்பளைங்க மட்டுந்தான். உன்னைச் சேத்துக்க மாட்டாங்கப்பா.”

அன்றிலிருந்து பத்து நாளாக, அழகம்மாள் கண்ணயர்ந்த நேரமெல்லாம் வெள்ளைச்சாமி சுவரோரம் நின்று பழகினார். ஒவ்வொரு முறையும் ஐயனாரைக் கூப்பிட்டுவிட்டுத்தான் சுவரிலிருந்து கையை எடுப்பார்.

குளத்தூரிலிருந்து பிசியோதெரபி பெண் பிரகதீஸ்வரி வந்தபோது வெயில் ஏறிவிட்டது. அவள் கூடத்தில் ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டாள். காலை எங்கே வைப்பது என்று காட்ட, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பாதங்கள் அதில் வரையப்பட்டிருந்தன.

“முன்கால் குதியும் பின்கால் பெருவெரலும் தொட்டுக்கிட்டு இருக்கணும்ங்க ஐயா. எதையும் பிடிக்காம பத்து செகண்டு நின்னாப் போதும்.”

வெள்ளைச்சாமி தோள் துண்டை இடுப்பில் கட்டினார். குனிந்து, விரிப்பிலிருந்த பாதங்களை இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நிமிர்ந்து ஏறியதும் கூடம் சுற்றியது. இரண்டு வினாடிகூட நிற்கவில்லை.

“என்னங்க ஐயா, அதப் போயி கும்பிடுறீங்க?”

“பாதம் வரஞ்சிருக்கே தாயி. சும்மா ஏறி மிதிக்கவா சொல்ற?”

“அது சாமி பாதம் இல்லீங்க. கம்பெனிக்காரன் போட்ட படம்.”

உள்ளறைக் கட்டிலிலிருந்து அழகம்மாளின் குழறிய குரல் வந்தது. “கும்பிட்டது போதும், நில்லுங்க. கல்யாணத்தன்னிக்கும் இப்படித்தான், ஊரு காலுல எல்லாம் விழுந்துட்டு வந்து சேரையில நல்ல நேரம் போயிருச்சு.”

பிரகதீஸ்வரி சிரித்துவிட்டாள். குனிந்து நிமிர்ந்ததால் வந்த கிறுகிறுப்பு இது, கணக்கில் சேராது என்று சொல்லி தாளில் குறித்த எண்ணை அடித்தாள். அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். வெள்ளைச்சாமிக்கு உயிர் வந்தது. அப்படியானால் கோளாறு காலில் இல்லை, கும்பிட்டதில்தான்.

இம்முறை குனியாமல் ஏறினார். மூன்று, நான்கு, ஐந்து என்று அவள் எண்ணினாள். ஆறில் இடது கணுக்கால் நடுங்கத் தொடங்கியது. ஏழு என்று அவள் சொல்வதற்குள் அவர் சாய்ந்தார். பாய்ந்து பிடித்தவளின் வாயில் அவருடைய முழங்கை இடித்தது. உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அவள் சத்தம் போடவில்லை. அவரைத் தாங்கியபடியே இரண்டு எட்டு நகர்ந்து, கட்டிலில் கிடப்பவளுக்கு எதுவும் தெரியாதபடி உள்ளறை வாசலை முதுகால் மறைத்துக்கொண்டாள். கால் ஊன்றும்வரை விடவில்லை.

மூன்றாவது முறை ஐந்துதான் வந்தது.

“பத்துன்னு போட்டுரு தாயி,” என்றார் மெதுவாக.

“போட்டுரலாம் ஐயா. ஆத்தாவத் தூக்கிக்கிட்டு நிக்கையில, மிச்ச நாலு செகண்டுக்கு யாரு நிப்பா?”

அவள் ஆறு என்று எழுதினாள். எழுதிய பிறகும் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“என்னங்க, பாஸா?” என்று உள்ளேயிருந்து கேட்டாள் அழகம்மாள்.

“இல்லடி.”

“சரி, விடுங்க,” என்றது குரல்.

பிரகதீஸ்வரி உதட்டைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். அழகம்மாளின் கையைப் பிடித்தபடி சந்தோஷ்குமாருக்குப் போன் போட்டாள். அம்மாவைக் கூட்டிப்போகத் திங்கட்கிழமை வண்டி வரும் என்று அவன் சொன்னது கூடம்வரை கேட்டது. வெள்ளைச்சாமியால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்தார்.

வாசலுக்கு அப்பால், நிழலே இல்லாத இடத்தில் அவளுடைய ஸ்கூட்டர் நின்றது. கறுப்பு சீட்டில் வெயில் கொதித்தது. இந்தப் பிள்ளை இனி எத்தனை ஊருக்குப் போகவேண்டுமோ, அந்த உதட்டோடு.

ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டார். பிடிக்கச் சுவரில்லாத பன்னிரண்டு எட்டு தூரம். நின்று நின்று போய்ச் சேர்ந்தார். சீட்டில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, சூடு தணிந்ததா என்று புறங்கையால் தொட்டுப் பார்த்து, மீதியையும் ஊற்றினார். பிறகு இடுப்புத் துண்டை அவிழ்த்து, ஈரம் தெரியாமல் துடைத்தார். தெருவில் ஆளில்லை. அவள் வெளியே வருவதற்குள் உள்ளே போய்விட வேண்டுமென்று திரும்பி நடந்தார்.