ஊசியக்காவின் என்ஜின் சைக்கிள்

தையல் மெஷின் பழுதுபார்க்கும் ஊசியக்காவுக்கு அந்தத் திங்கட்கிழமை காலை எட்டு மணி வாழ்வா சாவா என்கிற விஷயம். மேட்டு உச்சியிலிருக்கும் சட்டைத் தொழிற்சாலையின் அறுபது மெஷின்களும் பன்னிரண்டு வருஷமாக அவள் பொறுப்பு. முட்டி தேய்ந்துவிட்டது, மேட்டில் சைக்கிள் மிதிக்கவே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு நடந்தே ஏறி மூன்று முறை தாமதம். "திங்கட்கிழமையும் லேட்டானா வேற ஆள்தான்" என்று மேனேஜர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

"நான் தினமும் கொண்டுபோய் விடுறேன் அண்ணி" என்றான் மோட்டார் மெக்கானிக்கான கொழுந்தன்.

"நீ எழுந்திரிக்கிறதே ஒன்பது மணிக்கு! போடா, வேலையப் பாரு."

பழைய சாமான் கடையில் ஓர் என்ஜினைப் பிடித்தாள். அவளைவிட வயதில் மூத்தது, பூசணிக்காய் அளவு. அதைக் கழற்றி, கரியெல்லாம் சுரண்டி, மறுபடி பூட்டி, சைக்கிளின் முன்சக்கரத்துக்கு மேலே மாட்டினாள். என்ஜினின் கைப்பிடியை இறக்கினால் அதன் உருளை டயரை அழுத்தும். உருளை சுற்றச் சுற்ற சக்கரமும் சுற்றும். செயினும் இல்லை, கியரும் இல்லை.

ஞாயிறு காலை ஓட்டிப் பார்த்தாள். இருமியது, புகைந்தது, சமதரையிலேயே நடந்து போகிறவர்கள் அதை முந்திக்கொண்டு போனார்கள். கொழுந்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"பெட்ரோல் வருது, பொறியும் வருது. அதுக்கு மேல கடவுள் விட்ட வழி அண்ணி. இரும்புக்கடையில போட்டுடுங்க."

அவளா விடுவாள்? சிலிண்டரைக் கழற்றிப் பிஸ்டனை வெளிச்சத்தில் பார்த்தாள். அதன் தலையில் ஒரு திமில். ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் சரிவு. சிலிண்டர் சுவரில் எதிரெதிராக இரண்டு ஓட்டைகள். ஒன்றில் புதுப் பெட்ரோல் ஆவி உள்ளே வரும், மற்றதில் புகை வெளியே போகும். திமிலின் செங்குத்துப் பக்கம், வரும் ஆவியைத் தடுத்து மேலே திருப்பிவிட வேண்டும். இவளோ பிஸ்டனை முன்பக்கம் பின்னாகத் திருப்பிப் போட்டிருந்தாள். ஆவி சரிவில் வழுக்கி, எரியாமலேயே புகையோடு வெளியேறிக்கொண்டிருந்தது.

"ஊசியைத் திருப்பிப் போட்டா தையல் எப்படிடி விழும்?" என்று தையல்காரப் பெண்களைப் பன்னிரண்டு வருஷமாக விரட்டியவள் இவள்! பேரே அதனால் வந்ததுதான். அட, ஊருக்குத்தானடி உபதேசம்! தலையில் அடித்துக்கொண்டு தனியாகவே சிரித்தாள். பிஸ்டனைத் திருப்பிப் பூட்டினாள்.

மறுநாள் தெருவில் நாலு மிதி மிதித்து, கைப்பிடியை இறக்கினாள். டர்ர்ரென்று பிடித்தது பாருங்கள்! பாதி மேட்டில் சத்தம் தாழ்ந்தபோது அவள் கால் தானாகப் பெடலை அழுத்தப் போனது. வேடிக்கை பார்க்கவென்றே அன்று மட்டும் விடியலில் எழுந்து மோட்டார் பைக்கில் பின்தொடர்ந்த கொழுந்தன், "மிதிக்காதீங்க அண்ணி, ஏறுது! ஏறுது!" என்று கத்தினான். ஏறியது. நடந்து போய்க்கொண்டிருந்த தையல்காரிகள் ஓரமாக ஒதுங்கிக் கைதட்டினார்கள். அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

வாசலில் மேனேஜர். பக்கத்தில் கருவிப் பையோடு ஒரு புது ஆள். சுவர்க் கடிகாரத்தில் ஏழே முக்கால்.

"நீங்க எங்க வரப்போறீங்கன்னு... இவரை வரச் சொல்லிட்டேன்" என்று மேனேஜர் மென்று முழுங்கினார்.

"வந்தவரை எதுக்குத் திருப்பி அனுப்பணும்?" என்றாள் ஊசியக்கா, என்ஜினை நிறுத்தாமலேயே. "உள்ள வரச் சொல்லுங்க. எனக்கும் ஒரு கையாள் வேணும்."