கை ஒழியாத செயலாளர்

கிளியனூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவ சபை ஒன்றின் செயலாளர் தென்னரசு நல்ல மனிதர்தான். ஒரே ஒரு குறை, எந்தத் தீர்மானத்துக்கும் கை தூக்க மாட்டார். கமிட்டி கூடினால் தீர்மானப் புத்தகத்தை மடியில் விரித்துப் பேனாவைப் பிடித்துக்கொள்வார். ஓட்டு என்றதும், "எழுதிக்கினு இருக்கேன்யா, கை ஒழியல" என்பார். கோயிலுக்கு வெள்ளை அடிப்பதா மஞ்சள் அடிப்பதா என்று ஊரே இரண்டுபட்டபோதுகூட அவர் கை ஒழியவில்லை. அதனால் அவருக்கு எதிரி என்று ஒருவரும் கிடையாது.

கலையரசியின் தலையெழுத்து அந்தக் கையில் போய் மாட்டிக்கொண்டது.

கலையரசி விழுப்புரத்துக்காரி. திருநங்கை. இறையியல் படித்து முடித்துவிட்டு, அந்தச் சபையில் புகழேந்தி ஐயருக்கு உதவியாக ஊழியம் செய்கிறாள். அங்கே போதகரை ஐயர் என்றுதான் அழைப்பார்கள். நோயாளி வீடோ சாவு வீடோ, ஐயர் வருவதற்கு முன்னால் அவள் பஸ் பிடித்து வந்து நிற்பாள். இருந்து என்ன செய்ய? குருப்பட்டம் பெறாதவர் திருவிருந்தில் அப்பம் கொடுக்க முடியாது. ஆராதனை முடிவில் இரண்டு கைகளையும் உயர்த்திச் சபையை ஆசீர்வதிக்கவும் முடியாது. கை கூப்பி ஜெபம் சொல்லலாம், அவ்வளவுதான்.

கமிட்டி சிபாரிசு செய்தால்தான் பேராயர் அவள் பெயரை எடுத்தே பார்ப்பார். கமிட்டியோ சரிபாதியாகப் பிளந்து கிடந்தது.

"இங்கிலாந்து சபையிலயே இதுக்கு அடிச்சிக்கினு இருக்காங்க. நமக்கு எதுக்கு இந்த பேஜாரு?" என்றது ஒரு பாதி. "இன்னிக்கு இதுக்கு சரின்னா, நாளைக்கு ஆம்பளையோட குடித்தனம் பண்ற ஆம்பள வந்து பட்டம் கேப்பான்."

"பொம்பளைங்களுக்குப் பட்டம் குடுத்தப்பவும் வானம் இடிஞ்சி விழும்னுதான் சொன்னீங்க. விழுந்துச்சா?" என்றது மறுபாதி.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டெடுப்பு. மிச்சம் இருந்தது செயலாளரின் கை ஒன்றுதான்.

அதற்கு முந்தின வியாழக்கிழமை, தென்னரசு திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்கி விற்கும் கடை ஒன்றைத் திறந்தார். கூட்டாளி வேங்கடேசன், சொந்த நிலத்தில் மல்லாட்டை போடுகிற இந்துக் குடும்பத்துக்காரர். ஐயர் வந்து ஜெபம் செய்வதாகப் பேச்சு. அன்றைக்கென்று பார்த்துச் சபையில் ஒரு சாவு விழ, அங்கே போன ஐயர் கலையரசியை அனுப்பிவிட்டார்.

அவளைப் பார்த்ததும் வேங்கடேசனுக்கு வாயெல்லாம் பல்.

"ஆள் அனுப்பித் தேடணும்னு இருந்தேன், தானா வந்து நிக்குது பாரு!" என்று சொல்லி, கற்பூரம் வைத்த பூசணிக்காயை அவள் கையில் திணித்தார். "மூணு சுத்து சுத்தி ஒடைச்சிட்டு, மொத போணிய உன் கையால பண்ணிக் குடும்மா. உங்க ஆளுங்க கைராசி வேற யாருக்கும் வராது."

அவர் கேலி செய்யவில்லை. மனதாரச் சொன்னார். அதுதான் கலையரசிக்கு இன்னும் வலித்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டு காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே வருகிறவர்கள், கடை திறக்க மட்டும் அவளைத் தேடுகிறார்கள். அவள் பூசணிக்காயை மெல்லத் தரையில் வைத்தாள்.

தென்னரசு அவளை மூட்டைகளுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். "தோ பாரும்மா, ஒரு சுத்து சுத்திட்டுப் போயேன். அவரு மனசு குளுந்துடும். ஞாயித்துக்கெழம நான் கை தூக்கறேன். சத்தியமா தூக்கறேன்."

கலையரசி படித்ததும் அலைந்ததும் அந்த ஒரு கைக்காகத்தான். கேட்காமலே கிடைக்கிறது. யாருக்கும் நஷ்டமில்லை, ஒரு பூசணிக்காயைத் தவிர.

"எனக்கு அந்த ஓட்டு வேணும்ணே. ரொம்ப வேணும்" என்றாள். "ஆனா இத சுத்தி அத வாங்கனா, நாளைக்கு நான் நீட்டற அப்பத்த நீங்க என்னான்னு நெனச்சி வாங்குவீங்க? அதுவும் கைராசின்னுதானே?"

தென்னரசு மூட்டையின் தையலைத் தடவ ஆரம்பித்தார். ஓட்டு போயிற்று என்று நினைத்துக்கொண்டே அவள் வாசலில் நின்ற வேங்கடேசனிடம் வந்தாள்.

"அண்ணே, கோவிச்சிக்காதீங்க. நான் திஷ்டி கழிக்க வர்ல. எங்க ஐயர் அனுப்பி வந்திருக்கேன். ஜெபம்தான் பண்ணுவேன். பண்ணட்டுமா?"

வேங்கடேசன் குழப்பத்தோடு கடிகாரத்தைப் பார்த்தார். "ராகு காலம் வந்துக்கினே கீது. எதையாவது ஜல்தி பண்ணும்மா!"

அவள் கை கூப்பினாள். மல்லாட்டை போட்டவர்களுக்காக, பறித்தவர்களுக்காக, மழைக்காக ஜெபித்தாள். கடைசியில், "இந்தக் கடைத் தராசு ஆள் பாத்து சாயாம இருக்கட்டும் ஆண்டவரே" என்றாள். மூட்டை கொண்டுவந்திருந்த விவசாயிகள் ஒரு ஜெபத்துக்கும் போகாதவர்கள். ஆனாலும் அவர்கள் சொன்ன ஆமென் தெருமுனைவரை கேட்டது. தென்னரசின் ஆமென் மட்டும் கொஞ்சம் பிந்தி வந்தது.

மல்லாட்டை கொண்டுவந்திருந்த பாஞ்சாலி விடவில்லை. "உங்க ஐயரு எங்க தெரு கல்யாணத்துல ரெண்டு கையையும் தூக்கி ஆசீர்வாதம் பண்ணாரே. நீ ஏன் தூக்கல?"

"எனக்கு இன்னும் பட்டம் குடுக்கலக்கா. ஞாயித்துக்கெழம எங்க கமிட்டில ஓட்டு. அதுக்கு அவங்க மொதல்ல கை தூக்கணும்."

"யாரு தூக்க மாட்டேன்றது?"

தென்னரசு திடீரென்று மை டப்பாவை எடுத்து, ஏற்கனவே நம்பர் போட்ட மூட்டைக்கு மறுபடியும் நம்பர் போட ஆரம்பித்தார்.

"ஓகோ, இந்தக் கைதானா?" என்றாள் பாஞ்சாலி.

அப்புறம் கேட்க வேண்டுமா? சனிக்கிழமைவரை எடை போட வந்தவர்களெல்லாம், "இன்னாண்ணே, கை ஒழிஞ்சிதா?" என்று விசாரித்துவிட்டுத்தான் மூட்டையை இறக்கினார்கள். வேங்கடேசனே இரண்டு தடவை கேட்டார்.

ஞாயிறு ஆராதனை முடிந்து கமிட்டி உள்ளறையில் கூடியது. கதவைச் சாத்தினார்கள். ஜன்னலுக்குக் கதவே கிடையாது என்பதை வழக்கம்போல மறந்துவிட்டார்கள். வெளியே சபை விருந்துக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்த பெண்களோடு கலையரசியும் உட்கார்ந்திருந்தாள். உள்ளே இங்கிலாந்து வந்தது, வானம் இடிந்தது, எல்லாம் பழைய பாட்டுத்தான். ஐயர் ஓட்டுக்கு விட்டார். சரிபாதி.

"செயலாளரே?"

"எழுதிக்கினு இருக்கேன் ஐயரே..."

கலையரசி குனிந்து பூண்டைப் பார்த்தாள். பக்கத்திலிருந்த பெண் அவள் முழங்காலில் கை வைத்தாள். உள்ளே பேனாவை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது.

"ஒண்ணு சொல்லணும்" என்றார் தென்னரசு. குரல் கரகரத்தது. "என் ஓட்டுக்கு வெல வெச்சேன். ஒரு பூசணிக்கா. மூணு சுத்து கூட இல்ல, ஒரு சுத்து. அந்தப் பொண்ணு வேணாம்னுச்சி. ஓட்டு ரொம்ப வேணும், ஆனா இப்பிடி வாங்க மாட்டேன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லிச்சி. அத ஆம்பளையா பொம்பளையான்னு இத்தினி நாள் பேசிக்கினு இருந்தோம். அது ஐயர்யா. நான் கை தூக்கறேன், வேற யாராவது எழுதிக்குங்க."

எழுத ஆள் கிடைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அந்தப் புத்தகத்தை வேறு யாரும் தொட்டதே இல்லை.

கலையரசி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பெண்கள் சிரித்துக்கொண்டே அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். வெளியே வந்த தென்னரசு, வேறெங்கோ பார்த்தபடி சொன்னார்: "இன்னும் பேராயர் இருக்காரு, அவருக்கு மேல பெரிய கமிட்டி இருக்குது. அங்க இன்னா பேசுவாங்களோ. ரொம்ப தூரம் போவணும்மா."

"தெரியும்ணே."

"அது கெடக்கட்டும். நாளைக்குக் கொஞ்சம் கடைக்கு வா."

"எதுக்குண்ணே, பூசணிக்காயா?"

"சும்மா இரும்மா. பாஞ்சாலிகிட்ட வந்து நான் கை தூக்கனேன்னு சொல்லு. நான் சொன்னா நம்பாது."