ராணியைக் கழுவிய தண்ணீர்

கன்னியர் மடத்தில் துறவியாக இறந்துபோன எட்வென் ராணியின் திருவுடலைக் கழுவிய காலையில் வானம் திறந்தது. ஒளித்தூண் ஒன்று இறங்கி மடத்தின் கூரைமேல் நின்றது. சதுப்பு நிலத்து விலாங்குகள்கூட நீரைவிட்டுத் தலைதூக்கி வணங்கின. மடத்தில் இப்படித்தான் சொல்கிறார்கள். லியோவே என்ற இளம் கன்னி அந்தத் தூணைப் பார்க்கவில்லை. அவள் அப்போது சமையற்கட்டுக்குப் பின்னால், பனியில் விரல் மரத்துப்போய், ராணியைக் கழுவிய தண்ணீரைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு நின்றாள்.

கோயிலின் கீழ்க்கோடி மூலையில் ஊற்ற வேண்டும் என்பது உத்தரவு. புனிதர்களைக் கழுவிய தண்ணீர் விழுந்த மண் நோய் தீர்க்கும் என்பது அந்தச் சீமையில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் மூலை தூரம். பன்றித்தொட்டி பக்கம். யாரும் பார்க்கவில்லை. லியோவே தொட்டியிலேயே சாய்த்துவிட்டாள்.

அப்போது அது பெரிய பாவமாகத் தெரியவில்லை. ராணியின் தங்கையும் மடத்துத் தலைவியுமான ஹெரெவின் அம்மையார் அந்த மூலைக்கு வேலி கட்டிக் கல்சிலுவை நட்டபோது கொஞ்சம் தெரிந்தது. வாதத்தில் கிடந்த ஊர் மணியக்காரர் அந்த மண்ணைக் கரைத்துக் குடித்து எழுந்து நடந்தபோது நன்றாகவே தெரிந்தது. போதாததற்கு, தண்ணீர் சுமந்த கையல்லவா என்று, மண்ணை அள்ளிக் கொடுக்கும் ஊழியத்தையும் அவளுக்கே கொடுத்தார்கள். ஆயர் பிரசங்கத்தில் அந்தக் கைகளைப் புகழ்ந்தார். அவள் கைகளை அங்கிக்குள் ஒளித்துக்கொண்டாள். என்ன அடக்கம் என்று அதையும் சேர்த்துப் புகழ்ந்தார்.

ராணியின் தவமும் பிரசங்கத்தில் தவறாமல் வரும். அரசனை உதறி, பட்டாடையை உதறி, முரட்டுக் கம்பளி உடுத்தவள். வருஷத்துக்கு மூன்றே தடவை, பெருவிழாக்களுக்கு முந்தின நாள் மட்டும் குளித்தவள். அதுவும் மடத்தில் மற்ற எல்லோரும் குளித்து முடித்த தண்ணீரில். கேட்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

சில வருஷம் இப்படிப் போனது. ஒருநாள் காலை, மடத்துப் பன்றிகளை மேய்க்கும் டுன்னா வேலியோரம் வந்து நின்றான். அவன் மகளுக்குச் சதுப்புக் காய்ச்சல். எதைக் கொடுத்தாலும் வயிற்றில் தங்கவில்லை.

"ஒரு பிடி மண்ணு குடுங்கம்மா. பன்னிக்காரன் வீட்டுக்கெல்லாம் ராணி வருவாங்களான்னு கேக்குறா என் பொண்டாட்டி. வருவாங்கதானே?"

மணியக்காரருக்கும் பிரபுக்களுக்கும் தாராளமாக அள்ளிக் கொடுத்த கை இவனிடம் நீளவில்லை. இவனுடைய தொட்டியில்தானே ஊற்றினாள். நிற்கச் சொல்லிவிட்டுத் தலைவியிடம் ஓடினாள். காலில் விழுந்து எல்லாவற்றையும் கொட்டினாள்.

ஹெரெவின் அம்மையார் தின்றுகொண்டிருந்த விலாங்குத் துண்டைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல தாயே."

"சொல்லாதே. அந்த மண்ணைத் தின்னுதான் வயித்துவலி போச்சுன்னு ஆயர் ஊர் ஊரா பிரசங்கம் பண்ணியிருக்கார். இப்பப் போய் அவரை வாந்தியெடுக்கச் சொல்லணுமா?" விரல்களைத் துடைத்துக்கொண்டார். "ஏண்டி, பரலோகத்துக்கே வழி கண்டுபிடிச்சுப் போனவ எங்க அக்கா. இந்த மூலைக்கு வர்றதுக்கு அவளுக்கு வழி தெரியாதா?"

வாதம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் குழந்தை செத்தால் ஆயரின் வயிறு வந்து பதில் சொல்லாது. லியோவே நேரே பன்றிக்கொட்டிலுக்குப் போனாள். தொட்டிக்கு அடியில், அன்றைக்குத் தண்ணீர் சிந்தியிருக்கக்கூடிய இடமாகப் பார்த்து, நகம் பெயர மண்ணைச் சுரண்டினாள். நாற்றத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அருள் இருந்தால் இங்கேதான் இருக்க வேண்டும்.

அதை ஏந்திக்கொண்டு டுன்னாவின் குடிசைக்குள் நுழைந்தாள். பெண் எழுந்து உட்கார்ந்து, வாற்கோதுமைக் கஞ்சிக்கு அடம்பிடித்துக்கொண்டிருந்தாள். லியோவே திரும்பி வரக் காணோமே என்று டுன்னாவின் மனைவி வேலியேறிக் குதித்து, மூலை மண்ணை அள்ளிவந்து புகட்டியிருந்தாள். சற்று நேரத்தில் குப்பென்று வேர்த்துக் காய்ச்சல் இறங்கிவிட்டது. திருட்டுக்கு டுன்னா அவசர அவசரமாக மன்னிப்புக் கேட்டான்.

"திருடி உன் பொண்டாட்டி இல்லப்பா, நான்தான்" என்று லியோவே மண்தரையில் உட்கார்ந்து அழுதாள். பனிக்குப் பயந்து ராணியின் தண்ணீரை அவன் தொட்டியில் கவிழ்த்ததைச் சொன்னாள். ஊருக்கே சேர வேண்டிய அருளைப் பன்றிகளுக்குக் குடிக்கக் கொடுத்த பாவி, நரகத்தில்கூடத் தனக்கு இடம் கிடைக்காது என்றாள்.

டுன்னா மனைவியைப் பார்த்தான். மனைவி கஞ்சிப்பானையைப் பார்த்தாள்.

"ஓ, அதுதானா அது" என்றான் மெல்ல. "அழாதீங்கம்மா. அந்தப் பாவம் மட்டும் உங்களுக்கு இல்ல."

அதெப்படி என்று அவள் கேட்டாள். ராணி காரியமாயிற்றே, அவன் சொல்லத் தயங்கினான். அவள் விடவில்லை.

பன்றிகள் முகர்ந்து பார்த்தனவாம், குடிக்கவில்லையாம்.