சுண்டெலி வந்தால் கடைப்பிடிக்க வேண்டிய இருபத்தொரு விதிகள்

மனித குல வரலாற்றில் படையெடுப்புகளைத் தடுத்து நிறுத்தியவை மூன்றே மூன்று: மலை, கடல், ஒழுக்கம். முதல் இரண்டையும் இயற்கை தரும். மூன்றாவதைத் தலைவன்தான் தர வேண்டும்.

இந்தப் பொன்மொழியை உதிர்த்தவர் ஒரு டிரைவிங் ஸ்கூலின் பிரின்சிபால். உதிர்த்த இடம், ஸ்கூல் மாடியில் சாலை விதி வகுப்பு நடக்கும் அறை. உதிர்த்த நேரம், கம்ப்யூட்டர் விளையாட்டில் தொடர்ந்து நாலாவது ஞாயிற்றுக்கிழமையாக அவர் பின்மண்டையில் சுடப்பட்டுக் குப்புற விழுந்து அரை நிமிடம் கழித்து.

பிரின்சிபால் என்ற பட்டத்தை அவருக்கு யாரும் தரவில்லை. பெயர்ப்பலகை எழுத வந்தவரிடம் அவரே சொல்லி எழுத வைத்துக்கொண்டது. அந்த அறையில் பாடம் படிக்க வருபவர்களின் மாதிரித் தேர்வுக்காக நாலு கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஞாயிறு மதியம் ஸ்கூலுக்கு விடுமுறை. சுவரெல்லாம் சாலைக் குறியீடுகள், மூலையில் அடுக்கி வைத்த சிவப்புக் கூம்புகள், வயிற்றைக் கீறித் திறந்து வைத்த ஒரு பழைய கியர் பாக்ஸ். இவற்றின் நடுவே ஸ்கூலின் நாலு பேரும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு போருக்குப் போவார்கள்.

விளையாட்டு எளியதுதான். எரிபொருள் ஏற்றிய ஒரு லாரியை மலைப்பாதை வழியாக உச்சிக் கோட்டைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வழியில் கம்ப்யூட்டர் அனுப்பும் சிப்பாய்கள் சுடுவார்கள். அவர்கள் பரவாயில்லை, எப்போதும் ஒரே இடத்தில்தான் நிற்பார்கள். தலைவலி வேறு. எங்கேயோ தன் வீட்டில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஓர் ஆள் அழையா விருந்தாளியாக ஆட்டத்துக்குள் நுழையலாம். நுழைந்தவுடன் சங்கு ஊதும். அதற்குப் பெயர் ஊடுருவல். அவன் லாரி ஓட்டுபவரைக் கொன்று சாவியை எடுத்துக்கொண்டால் ஆட்டம் முடிந்தது.

இவர்களுக்கு வாய்த்தவன் தனக்குச் சுண்டெலி என்று பெயர் வைத்திருந்தான். எளிதில் மாட்டுகிறவர்களின் பட்டியலில் இவர்களைக் குறித்து வைத்துக்கொண்டு வாராவாரம் வந்தான். எதையோ மொறுமொறுவென்று தின்றுகொண்டே வந்தான். கொல்லப்பட்டதைவிட அந்த மொறுமொறுதான் பிரின்சிபாலை அதிகம் சுட்டது.

"சாப்பிட்டுக்கிட்டே கொல்றான் சார்," என்று கிளார்க் ஒருமுறை வியந்தபோது, "வியக்காதே," என்று அதட்டினார்.

அவர் விதிகள் எழுதினார். முதல் மூன்று சாவுக்கும் ஐந்தைந்து, நாலாவதற்கு ஆத்திரத்தில் ஆறு. ஆக இருபத்தொன்று. அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, 'குறுகிய பாலம்' குறியீட்டுக்குப் பக்கத்தில் மாட்டினார். தலைவர் சொல்வதே முடிவு என்பது ஒன்று. சங்கு ஊதினால் அனைவரும் தலைவரைச் சுற்றி நிற்க வேண்டும் என்பது நாலு. எல்லா வளைவுகளிலும் ஹாரன் அடிக்க வேண்டும் என்பது ஏழு. விளையாட்டானாலும் ரோடு ரோடுதான், நாம் யார் என்பதை மறக்கக் கூடாது என்றார். அஞ்சாமல் நில் என்பது ஒன்பது. ஊடுருவலின்போது யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்பது பதின்மூன்று.

லாரியை ஓட்டுவது அக்கா. ஸ்கூலில் பெண்களுக்குக் கற்றுத் தரும் ஒரே ஆள். அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்த பிரின்சிபால்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். மரியாதையால் அல்ல, அப்படிக் கூப்பிட்டால் எதிர்த்துப் பேசமாட்டாள் என்ற நம்பிக்கையால்.

பதினொரு வருடமாக அக்கா காலையிலிருந்து மாலைவரை காரில் போகிறாள். ஓட்டுவது மற்றவர்கள். அவளுக்குப் பக்கத்து சீட். கண் ரோட்டில், ஒரு கை எந்த நேரமும் ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுக்கத் தயாராக. ஊரில் பாதிப் பேருக்கு அவள் கற்றுக்கொடுத்திருக்கிறாள். வீட்டுக்குப் போவது பஸ்ஸில். வாரத்தில் ஞாயிறு மதியம் ஒரு மணி நேரம்தான் ஸ்டீயரிங் அவள் கையில் இருக்கும், அதுவும் திரையில். அந்த ஒரு மணி நேரத்துக்காக அவள் சனிக்கிழமையே துணி துவைத்து முடித்துவிடுவாள்.

நாலாவது சாவுக்குப் பிறகு பிரின்சிபால் சொன்னார்: "அக்கா, அடுத்த வாரமும் லாரி போச்சுன்னா ஸ்டீயரிங்கை மச்சான்கிட்ட குடுத்துடலாம். நீங்க பக்கத்து சீட்ல உட்கார்ந்து வழி சொல்லுங்க. உங்களுக்குப் பழக்கம்தானே?"

மச்சான் என்பது அவர் மனைவியின் தம்பி. லைசென்ஸ் தேர்வில் மூன்று முறை தோற்றவர். அதுவும் சொந்த அக்கா புருஷனின் ஸ்கூலில் படித்து.

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸில் போகும்போது டிரைவரின் கைகளையே பார்த்துக்கொண்டு போனாள்.

ஐந்தாவது ஞாயிறு. மச்சான் முன்கூட்டியே வந்து அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். கையில் சொந்த ஹெட்போன்.

"உட்காரத்தான் வந்தீங்களா மச்சான்?" என்றாள் அக்கா.

"இல்லக்கா, சும்மா பார்க்கத்தான். சீட் கொஞ்சம் உயரமா இருக்கோ? எனக்குக் கால் நீளம்."

"அப்ப நிக்கறதுதான் உங்களுக்கு வசதி."

கனரக வண்டி கற்றுத் தரும் லாரி மாமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். முப்பது வருடம் நிஜ லாரி ஓட்டியவர். இந்த விளையாட்டில் துப்பாக்கி தூக்கி நடப்பதுதான் அவருக்கு ஓய்வு.

ஆட்டம் தொடங்கியது. அக்கா லாரியைக் கிளப்பினாள். முதல் வளைவு, ஹாரன். இரண்டாவது வளைவு, ஹாரன். மூன்றாவது வளைவில் ஹாரன் அடித்த கையை எடுப்பதற்குள் சங்கு ஊதியது. காதுக்குள் மொறுமொறு.

"மூணாவது வளைவா? இன்னைக்கு வேகமா வந்துட்டீங்களே," என்றது சுண்டெலியின் குரல். "ஹாரன் கேட்டுச்சு. இதோ வரேன்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. இத்தனை வாரமாக அவன் நம்மைத் தேடவே இல்லை. நாம்தான் வளைவுக்கு வளைவு முகவரி கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

"விதி நாலு! எல்லாரும் என்னைச் சுத்தி வாங்க!" என்று முழங்கினார் பிரின்சிபால்.

"வர மாட்டேன் சார்."

பிரின்சிபால் ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கினார்.

"என்னது?"

"விதி போட்ட நாள்லேர்ந்து வந்தோம். நாலு பேரும் ஒரே இடத்துல நின்னோம், ஒரே குண்டுல போனோம். அவனுக்குக் குண்டு மிச்சம் பிடிச்சுக் குடுக்கறதுக்கா நாம விளையாடறோம்?"

"விதி ஒண்ணு என்ன சொல்லுது?"

"அதைச் சுவர் கேட்டுக்கட்டும்."

சுண்டெலிக்குக் கேட்காதபடி அவள் மைக்கைக் கையால் மூடிக்கொண்டாள். லாரியை வளைவுக்கு மேலே, ஏற்றத்தில் நிறுத்தினாள். என்ஜினை அணைத்தாள். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு குதித்து, பாதையோரப் பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். இவ்வளவும் ஒரே மூச்சில்.

"மாமா, வளைவுக்குக் கீழே ஒரு உடைஞ்ச ஜீப் கிடக்கு பாருங்க. அதுல ஏறி ஹாரன் அடிங்க. அடிச்சிட்டு உடனே இறங்கிப் பள்ளத்துல படுத்துக்குங்க. ஹாரன் கேட்டா அவன் அங்கதான் போவான், பழகிட்டான். தம்பி, நீ மேல் பாதையைப் பாரு. கண்ணுல பட்டாச் சுடாதே, எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லு. யாரும் துரத்திக்கிட்டுப் போக வேண்டாம். அவனுக்குத்தான் அவசரம், நமக்கு ஒண்ணும் இல்லை."

தம்பி என்று அவள் சொன்னது கிளார்க்கை. அவன் பிரின்சிபாலைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், சுவரில் இருந்த விதிகளைப் பார்த்தான். "சார், நான் ரெண்டு பேர் சொல்றதையும் செய்யறேன்," என்று சொல்லிவிட்டு அக்கா சொன்னதைச் செய்தான்.

"இது கலகம்," என்றார் பிரின்சிபால். "தலைவன் எப்படி நிக்கணும்னு இப்பப் பாருங்க." விதி ஒன்பதின்படி நடு ரோட்டில் போய் அஞ்சாமல் நின்றார். ஏழு விநாடி நின்றார். டுமீல்.

"சார் போயிட்டார்," என்று கிளார்க் அறிவித்தான், ஆள் வரவில்லை என்று வருகைப் பதிவில் குறிக்கும் அதே குரலில். "இடது பக்கப் புதர்லேர்ந்து சுட்டான் அக்கா."

விளையாட்டில் இறந்தவர்கள் திரையில் பார்க்கலாம், அவர்கள் பேச்சு எதிரிக்குக் கேட்காது. ஆனால் பிரின்சிபால் அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் இறந்துகிடந்தார்.

"சாவிக்கு உரியவங்க இப்படி ஒளியலாமா? வெளியே வாங்க!"

"சார், செத்தவங்க பேசக் கூடாது."

"எந்த விதியில இருக்கு?"

"இருபத்திரண்டு. இப்பதான் போட்டேன்."

கீழே ஜீப் ஹாரன் அடித்தது. முப்பது வருட அனுபவத்தோடு, ஓவர்டேக் செய்ய வழி கேட்பதுபோல் நீட்டி அடித்தார் மாமா. மொறுமொறு நின்றது. பூனை இல்லாத வீட்டில் நடப்பதுபோல் சுண்டெலி ஹாய்யாகப் பாதையில் இறங்கி நடந்தான். அக்கா துப்பாக்கியை உயர்த்தினாள். இன்னும் நாலே அடி.

"பாறைக்குப் பின்னாடி பதுங்கறதெல்லாம் கோழைத்தனம் அக்கா!" என்று கத்தினார் பிரின்சிபால்.

துப்பாக்கியை உயர்த்த அக்கா மைக்கிலிருந்து கையை எடுத்திருந்தாள்.

"ஓ, பாறையா?" என்றது குரல். "ரொம்ப நன்றி சார்."

அவன் திரும்பினான். ஒரு புகைக்குண்டை உருட்டிவிட்டான். வளைவிலிருந்து பாறைவரை திரை வெள்ளையாகிப் போனது. பாதை தெரியவில்லை, லாரி தெரியவில்லை, கையிலிருந்த துப்பாக்கியின் நுனிகூடத் தெரியவில்லை.

"ஓடிடும்மா! மேல ஓடு!" என்றார் லாரி மாமா.

மச்சான் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

"அக்கா," என்றது குரல், மிக அருகில், மிக அன்பாக, மறுபடியும் மொறுமொறுவோடு. "எதுக்கு வீண் சிரமம்? சாவியை வெச்சுட்டுப் போங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்."

அக்கா பாறைக்குப் பின்னாலிருந்து எழுந்து நின்றாள்.

"அடுத்த வாரமும் நான்தான் ஓட்டுவேன். அதுக்கடுத்த வாரமும் நான்தான் ஓட்டுவேன். பதினொரு வருஷமா எத்தனையோ பேர் வண்டியைப் பள்ளத்துல விடப் பார்த்தாங்க, ஒருத்தரையும் விட்டதில்லை. நீ எம்மாத்திரம்? சாவி வேணுமா? வாடா, வந்து எடு!"

புகைக்குள் சுட்டாள். ஆறு தோட்டா. ஆறும் தீர்ந்தது. வெறும் துப்பாக்கியை நீட்டியபடி, ஓர் அடிகூடப் பின்வாங்காமல் நின்றாள்.

தட் என்று ஒரு சத்தம். மொறுமொறு பாதியில் நின்றது. திரையில் சிவப்பு எழுத்தில் வந்தது: ஊடுருவியவர் மாண்டார்.

லாரி மாமா நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்தார். "அம்மாடி! புகைக்குள்ள! கண்ணு தெரியாம! விழுந்துட்டான்டா எலி!" கிளார்க் மேஜையைத் தட்டினான். மச்சான் ஹெட்போனைக் கழற்றினார். பிரின்சிபால் இறந்த கோலத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

அக்கா புகை அடங்கும்வரை காத்திருக்கவில்லை. தட்டுத் தடுமாறி லாரியைக் கண்டுபிடித்து ஏறி, ஒரு வளைவிலும் ஹாரன் அடிக்காமல் கோட்டைவரை ஓட்டினாள். கதவு திறந்தது. ஐந்து வாரத்தில் முதல் தடவை.

"நல்லது," என்று தொண்டையைச் செருமினார் பிரின்சிபால். "விதி ஒன்பது வேலை செஞ்சிருக்கு. அஞ்சாமல் நில்."

"நின்னது நீங்க சார். செத்ததும் நீங்க."

"தத்துவம் என்னோடதுதானே?"

"தத்துவத்தை நீங்களே வெச்சுக்குங்க. சீட்டை எனக்கு எழுதிக் குடுங்க." மாதிரித் தேர்வுத் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டுப் பேனாவையும் வைத்தாள். "வாய்ச்சொல் வேண்டாம். நாளைக்கு நீங்க விதி இருபத்து மூணு கொண்டு வருவீங்க."

பிரின்சிபால் மச்சானைப் பார்த்தார். மச்சான் கியர் பாக்ஸைப் பார்த்தார். லாரி மாமா கையைக் கட்டிக்கொண்டு கதவடியில் நின்றார், வழியை மறிப்பதற்காக அல்ல என்று சொல்ல முடியாத விதத்தில்.

பிரின்சிபால் எழுதினார்: 'லாரியின் ஓட்டுநர் இருக்கை, அவர் விரும்பும்வரை, அக்காவுக்கே உரியது.' கையெழுத்துப் போட்டார். ஸ்கூல் முத்திரையும் குத்தினார், பழக்க தோஷம். அக்கா தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு ஆட்டத்தோட ரிப்போர்ட்டை அச்சடிச்சு மாட்டணும் சார்," என்றான் கிளார்க், பூரித்துப்போய். "வர்றவங்க எல்லாம் பார்க்கட்டும். அக்கா எத்தனை குண்டுல சாய்ச்சாங்கன்னு அதுல வந்திருக்கும்."

"சத்தமா படி," என்றார் லாரி மாமா.

"மாட்டத் தேவையில்லை, அதையும் குடு, பைல வெச்சுக்கறேன்," என்றாள் அக்கா. கொஞ்சம் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள்.

கிளார்க் படித்தான். "ஊடுருவியவர், சுண்டெலி. நிலை, மரணம். உடலில் பட்ட குண்டுகள்..." அவன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டான். "பூஜ்யம். மரணக் காரணம், பின்னோக்கி உருண்டு வந்த லாரி. அந்நேரம் லாரியில் ஓட்டுநர், யாருமில்லை."

லாரி மாமா அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

ஏற்றத்தில் லாரியை நிறுத்திவிட்டு இறங்கியபோது அக்கா ஹேண்ட் பிரேக் போட்டிருக்கவில்லை.