டிக்கியில் அடங்கும் சைக்கிள்

வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது என் கணவர் சாப்பாட்டு மேசைக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டிருந்தார். எதையோ தேடுகிறார் என்று நினைத்தேன். தேடவில்லை, எதையோ உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். தள்ளி முடித்து எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, "பாரு, கச்சிதமா போயிடுச்சு. நாற்காலியைக்கூட நகர்த்த வேணாம்" என்றார். குனிந்து பார்த்தேன். போன வாரம் கடையில் ஓட்டிப் பார்த்து, இது எனக்கு ஆகவே ஆகாது என்று சொல்லிவிட்டு வந்த அதே சைக்கிள், மூன்றாக மடங்கி, சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

"என்னோடது எங்க?" என்றேன்.

"இதுதான் உன்னோடது. கடைக்காரர்கிட்ட பேசி மாத்திட்டேன். நீ பார்த்து வச்சிருந்தியே, அது மடக்கினாலும் பீரோ மாதிரி நிக்குது. அதைக் கொண்டு வந்து எங்க வைக்கிறது?"

அவருக்கு வீடு மாற்றித் தரும் கம்பெனியில் வேலை. யாராவது வீடு காலி செய்கிறார்கள் என்றால் முதலில் போய் நிற்பவர் இவர்தான். ஓர் அறையில் காலை வைத்தவுடனே இத்தனை பெட்டி, இந்த அளவு லாரி என்று சொல்லிவிடுவார், சொன்னால் சொன்னதுதான், ஒரு ஸ்டூல்கூட வெளியே நிற்காது. கெட்டிக்காரர், இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை ஆபீஸிலேயே கழற்றி மாட்டிவிட்டு வந்தால் எனக்கு ஒரு வம்பும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் எந்தப் பொருளை வாங்கினாலும் அது என்ன செய்யும் என்று யாரும் கேட்பதில்லை, மடக்கினால் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதுதான் கேள்வி. இஸ்திரி போடும் மேசை மடங்கும். துணி காயப்போடும் கம்பி மடங்கும். ஏணி, கட்டில், விருந்தாளிக்குப் போடும் நாற்காலி எல்லாம் மடங்கும். மடங்காமல் மிச்சமிருப்பது அவரும் நானும்தான்.

எனக்கும் மடக்கு சைக்கிள்தான் வேண்டும், அதில் சண்டையே இல்லை. எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு ஓடும் ஆற்றின் கரைச்சாலையைப் பிடித்து, ஆறு கடலில் விழும் இடம் வரை மிதித்துப் போவது, திரும்பும்போது சைக்கிளை மடக்கி ரயிலில் போட்டுக்கொண்டு வந்துவிடுவது. பத்து நாள் பயணம். தனியாக. இதுதான் என் திட்டம். டிரைவிங் ஸ்கூலில் ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கிளட்சை விடுங்க, கண்ணாடியைப் பாருங்க, ஐயோ லாரி லாரி என்று கரடியாகக் கத்துவதுதான் பிழைப்பு. யார் யாரோ ஓட்டி, எங்கெங்கோ போய், மறுபடி ஸ்கூல் வாசலிலேயே வந்து இறங்குகிறேன். ஒரு முறையாவது நானே ஓட்டி, புறப்பட்ட இடத்திலேயே வந்து நிற்காத ஒரு வழியில் போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். லீவும் கிடைத்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை கிளம்ப வேண்டும்.

சைக்கிளைச் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. வாராவாரம் அந்தக் கடைக்குப் போனேன். வெறும் சைக்கிளை யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று, பைகளில் தண்ணீர் கேன்களை நிரப்பிக் கேரியரில் மாட்டி ஓட்டிப் பார்த்தேன். கடைவாசலிலிருந்து ஏறும் மேம்பாலத்தில் எத்தனை முறை ஏறி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. இதோ மேசைக்கடியில் இருக்கிறதே, இந்த மகராசி, சக்கரம் சாப்பாட்டுத் தட்டை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். கியர் கிடையாது. பின்னால் பையை மாட்டினால் ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் பையில் இடிக்கும். சாலையில் சின்னப் பள்ளம் வந்தால் முதுகெலும்பு வரை வந்து விசாரித்துவிட்டுப் போகும். பால் வாங்கப் போக நல்ல சைக்கிள். நான் கடைசியில் முடிவு செய்தது இருபது அங்குலச் சக்கரம், எட்டு கியர், நீளமான சட்டம். நடுவில் உள்ள கீலைப் பூட்டினால் டக் என்று ஒரு சத்தம், அதன் பிறகு ஓர் ஆட்டம் இருக்காது. சுமையோடு பாலத்தில் ஏறும்போது அது மூச்சு வாங்காமல் ஏறியது. நான் வாங்கினேன், அது வேறு விஷயம். இதுதான் என்று கடைக்காரரிடம் சொல்லி எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

அதைத்தான் மாற்றிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் கைப்பையை எங்கே வைத்தேன் என்றுகூடத் தெரியவில்லை. "ஓட்டப் போறது யாரு?" என்று கேட்டேன்.

"நீதான். அதுக்குன்னு வீட்ல வைக்கிற இடத்தைப் பாக்க வேணாமா?"

"பத்து நாள் அது ரோட்லதான் இருக்கப்போகுது. வீட்ல இல்ல."

"அப்புறம் வருஷம் முழுக்க வீட்லதானே இருக்கும்?" என்று சொல்லிவிட்டு, ஏதோ பெரிய வழக்கில் ஜெயித்தவர் மாதிரி கை கழுவப் போனார். அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்து மகள் போன் செய்தாள். அவள் வேறு ஊரில் இருக்கிறாள், வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் தினமும் பேசுவாள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்மா, அப்பா உன் நல்லதுக்குத்தானே பண்ணியிருக்காரு" என்றாள். இந்த வீட்டில் என் நல்லது எனக்கு மட்டும்தான் தெரியாது போலிருக்கிறது.

"அந்தப் பொடி சக்கரத்தை வச்சிக்கிட்டு ரெண்டாவது நாளைத் தாண்ட முடியாதுடி. முட்டி கழண்டு கையில வந்துடும்."

"அதுக்குத்தான் அப்பா கார்ல பின்னாடியே வர்றாரே. முடியலன்னா மடக்கி டிக்கியில போட்டுக்க வேண்டியதுதான். நீ ஏன் டென்ஷன் ஆகுற?"

சமையலறைக் குழாய் சட்டென்று நின்றது. அவருக்கும் கேட்டிருக்கிறது. மகளும் நாக்கைக் கடித்துக்கொண்டாள் போல. "அம்மா, உனக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். போனை வைத்துவிட்டேன்.

மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லாம் வரிசையாகப் புரிந்தது. போன வாரம் காரை சர்வீஸுக்கு விட்டது. டிக்கியைக் காலி செய்து துடைத்தது. எங்கே போகிறீர்கள் என்று கேட்டதற்கு, சும்மாதான் என்று பூசி மெழுகியது. அவர் பார்த்துப் பார்த்து அளந்தது மேசைக்கடியை இல்லை, டிக்கியை. நான் போவதற்காக ஒரு சைக்கிளைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் என்னைத் திருப்பிக் கொண்டுவருவதற்காக ஒன்றைத் தேடி, வாங்கியும் விட்டார். இரண்டாம் நாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு நான் சாலையோரம் உட்காருவேன். அவர் காரை ஓரங்கட்டி, டிக்கியைத் திறந்து, கச்சிதமாக வைப்பார். அதன் பிறகு வீட்டுக்கு வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும், "ஆசைப்பட்டா, ரெண்டு நாள் ஓட்டினா, பாவம்" என்று சொல்லிச் சிரிப்பார். அந்த "பாவம்" என் காதில் இப்போதே விழுந்தது. ஆயுசுக்கும் அதைக் கேட்டுக்கொண்டு நான் இந்த மேசையில் சாப்பிட வேண்டும்.

அவர் ஈரக் கையோடு வந்து நின்றார். "சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்றார்.

"எப்ப? ஆத்தங்கரையில ஹாரன் அடிச்சா?"

"நீ பாட்டுக்குத் தனியா போயிடுவ. எங்கயாவது விழுந்து கிடந்தா யாரைக் கேக்கிறது? எனக்குப் பயமா இருக்கு. லீவு போட்டுட்டேன்."

உண்மையைத்தான் சொன்னார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. பயந்தால் பயமாக இருக்கிறது என்று வந்து சொல்ல வேண்டியதுதானே? அந்தப் பயத்துக்கு ஒரு சைக்கிளை வாங்கி, அதை என் தலையில் கட்டி, அதற்கு இடவசதி என்று பேரும் வைப்பாரா? "உங்க பயத்தை நீங்களே தூக்கிக்குங்க. என் பையில இடம் இல்ல" என்றேன். அன்று அதற்கு மேல் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. தட்டு வைக்கிற சத்தம் மட்டும் இரண்டு பேரிடமிருந்தும் தாராளமாக வந்தது.

மறுநாள் எனக்கு வார விடுமுறை. காலையில் அந்த மடங்கிய மகராசியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். சுமையோடு ஓட்டிப் பார்க்க, பயணப் பைகள் இரண்டையும் அடுக்கியிருந்த சாமான்களோடு அப்படியே எடுத்துக்கொண்டேன். வாசலில் காரோடு நின்றார். "கடைக்குத்தானே? ஏறு" என்றார். நான் ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தினேன். ஆட்டோவுக்குப் பின்னாலேயே கார் வந்தது. ஒத்திகை பார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துப் பல்லைக் கடித்தேன்.

கடைக்காரர் என்னைப் பார்த்ததுமே சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினார். "சார் வந்தாருங்க மேடம். லேடீஸுக்கு இதுதான் வசதின்னு சொன்னாரு. உங்ககிட்ட கேட்டுட்டுதான் சொல்றாருன்னு நினைச்சேன்."

"வாராவாரம் வந்து ஓட்டிப் பார்த்தது யாரு?"

"நீங்கதான்."

"எதை வேணாம்னு சொன்னேன்?"

கையை நீட்டிக் காட்டினார். இதைத்தான்.

"அப்புறம்?"

அந்தக் குட்டி சைக்கிளை என்னிடமிருந்து வாங்கி ஓரமாக வைத்தார். உள்ளே போய் இருபது அங்குலத்தை உருட்டிக்கொண்டு வந்தார். இன்னும் விற்காமல் இருந்தது. சீட்டு உயரத்தைச் சரியாக வைத்து, கேரியரை முறுக்கிக் கொடுத்தார். என் கணவர் வாசல் பக்கம் நின்று, டயர்களை முதல் முறையாகப் பார்ப்பவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி, விட்டுவிட்டார் என்று நினைத்தேன். கடைக்காரரின் காதில் ஏதோ சொல்லிவிட்டு வெளியே போனவர், நான் பைகளை எடுத்துக்கொண்டு வருவதற்குள் புது சைக்கிளை மடக்கிக் காரிடம் கொண்டுபோய்விட்டார்.

"வீட்டுக்கு நான் எடுத்துட்டு வர்றேன். வெயில்ல நீ எதுக்கு?" என்றார்.

நான் நின்று பார்த்தேன். படுக்க வைத்தார். மூடி இறங்கவில்லை. திருப்பி, சக்கரம் உள்பக்கம் போகும்படி வைத்தார். ஹேண்டில்பார் முட்டியது. பின்சீட்டைச் சாய்த்துப் பார்த்தார், பெடல் எதிலோ மாட்டிக்கொண்டது. சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. அடுத்த கடையிலிருந்து இரண்டு பேர் வந்து, இப்படி வைங்க, அப்படி வைங்க என்று யோசனை சொன்னார்கள். இத்தனை வருடத்தில் அவரால் ஒன்றை எதிலும் அடக்க முடியாமல் போனதை நான் பார்த்ததில்லை. பாவமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அவர் ஒவ்வொரு முறை மூடியை அழுத்தும்போதும், அழுத்துங்க, இன்னும் அழுத்துங்க என்று எனக்குள் ஒரு குரல் கத்திக்கொண்டிருந்தது.

"முடிஞ்சுதா?" என்றேன்.

"கயிறு ஒண்ணு இருந்தா..."

"தள்ளுங்க."

சைக்கிளை வெளியே எடுத்துத் தரையில் வைத்தேன். விரித்தேன். கீல் டக் என்று பூட்டிக்கொண்டது. பைகளை மாட்டி, அவற்றோடு வைத்திருந்த இரண்டு எலாஸ்டிக் கயிறுகளால் இறுக்கிக் கட்டி, ஏறி, மிதித்தேன். பின்னால் டிக்கி மூடியை அவர் அவசரமாக அறைவதும், கார் கிளம்புவதும் கேட்டது.

நேராக மேம்பாலத்துக்கு வண்டியை விட்டேன். வீட்டுக்கு அந்த வழி இல்லை. பாலத்தைத் தாண்டினால் ஆற்றங்கரைச் சாலை. அவருக்கும் அது தெரியும். ஏற்றம் தொடங்கியதும் கியரைக் குறைத்தேன். இடது ஓரமெல்லாம் மணலும் உடைந்த கண்ணாடியும். நான் ஓரத்துக்குப் போகாமல் என் தடத்தின் நடுவிலேயே போனேன். இரண்டு எலாஸ்டிக் கயிறுகளும் பைகளை இறுக்கிப் பிடித்திருந்தன, குதிகால் எதிலும் இடிக்கவில்லை. பின்னாலேயே எங்கள் கார், எச்சரிக்கை விளக்குகளை மினுக்கிக்கொண்டு. "ஓரமா போ! ஓரமா போ!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினார். அவருக்குப் பின்னால் ஹாரன் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டது. மூச்சு இரைத்தது, தொடை எரிந்தது, கண்ணில் வியர்வை இறங்கியது. நான் மிதித்தேன். இறங்கித் தள்ளினால் அவ்வளவுதான் என்பது எனக்குத் தெரியும்.

பைக்கில் வந்த ஒருவர் காரை ஒட்டி வந்து ஜன்னலுக்குள் எதையோ சொன்னார். "எனக்குத் தெரியும் போய்யா!" என்று என் கணவர் சத்தம் போட்டார். பஸ் டிரைவர் ஒருவர் கையை ஆட்டி ஆட்டிக் காட்டினார். அவரையும் திட்டினார். மெதுவாகப் போகிறோம் என்றுதான் எல்லோரும் ஏசுகிறார்கள் என்று அவர் எண்ணம். பாலத்தின் உச்சியில் ஒரு காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தேன். கார் முக்கிக்கொண்டு மேலே ஏறி வந்தது. சரியாகப் பூட்டாத டிக்கி மூடி, கூரைக்கு மேலே முழுசாக எழும்பி, காற்றில் ஆடிக்கொண்டே வந்தது. அவர் கண் என் மேலேயே இருந்தது.

நான் சொல்லவில்லை. காலை எடுத்தேன், சக்கரம் தானாகவே இறக்கத்தில் உருளத் தொடங்கியது.