எழிலனின் தலைமுடி

கே.ஜி.கண்டிகை முருகவேல் வீட்டு இயந்திர ஆளுக்கு, வாங்கிய மூன்றாம் வருடம், பொங்கல் கழிந்த வாரத்தில் தலைமுடி முளைத்தது. கறுப்பு முடி, லேசான சுருட்டை. முருகவேல் அழுக்கு என்று நினைத்துத் துணியால் துடைத்துப் பார்த்தார். அவர் மனைவி தேவகி எண்ணெய் வைத்து வாரிவிட்டாள். ஊரில் ஒரு வாரம் பேசினார்கள். பிறகு வேர்க்கடலை விலை இறங்கியதால் அதைப் பேசப் போய்விட்டார்கள்.

அது வந்த லாரியில் இரண்டு வந்திருந்தன. ஒரே அச்சில், ஒரே நாளில் வார்த்தவை. ஒன்று கடலைக் கொல்லை வேலைக்கு இங்கே இறங்கியது, மற்றது பள்ளிப்பட்டில் தறி ஓட்டும் தேவகியின் அண்ணன் ராஜவேலு வீட்டில். தேவகிக்குக் குழந்தை இல்லை. எழிலன் என்று பேர் வைத்தாள், சாப்பிடாது என்று தெரிந்தும் தட்டு வைத்தாள், மழையில் நனைந்தால் திட்டினாள். அண்ணன் வீட்டில் பேரும் கிடையாது, தட்டும் கிடையாது. மிசின் என்றுதான் கூப்பிடுவார், நூல் அறுந்தால் தெலுங்கில் வசவு. ஆகவே முடி தன் வளர்ப்பில் முளைத்தது என்பதில் தேவகிக்குச் சந்தேகமே இல்லை. கொஞ்சம் திமிரும் இருந்தது, இருந்ததைச் சொல்லத்தான் வேண்டும்.

ஆனி மாதம் கம்பெனியிலிருந்து போன் வந்தது. பரணிதரன் என்கிற இன்ஜினியர் நாளை மறுநாள் வருவார். ஒரே அச்சில் வந்த இரண்டுக்கும் முடி இருந்தால் பிறவிக் கோளாறு, இரண்டையும் கொண்டுபோய் உருக்கிவிடுவார்கள். ஒன்றுக்கு மட்டும் இருந்தால் வளர்த்த வீட்டு விவகாரம், கம்பெனி தலையிடாது. பொங்கல் சீர் மனஸ்தாபத்தில் தேவகி ஆறு மாதமாக அண்ணன் வீட்டுப் பக்கம் போயிருக்கவில்லை. போன் போட்டு, விஷயத்தைச் சொல்லி, உன்னுதுக்கு முடி இருக்குதா என்று கேட்டு அழுதாள்.

"மிசினுக்குப் போயி அழுதுகினு கீறியே," என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

பரணிதரன் வந்தார். எழிலனைப் பார்த்துவிட்டு, தேவகியையும் காரில் ஏற்றிக்கொண்டு பள்ளிப்பட்டு போனார். ராஜவேலு தன்னுடையதைத் தறிக்கொட்டகையிலிருந்து கூட்டிவந்து நிறுத்தினார். தலை வழவழவென்று இருந்தது. இன்ஜினியர் தடவிப் பார்த்தார், டார்ச் அடித்துப் பார்த்தார், வளர்ப்புதான் என்று முடிவு சொல்லி, மோர் குடித்துவிட்டுக் கிளம்பினார். அவருக்கு அன்று நல்ல ஜலதோஷம். இல்லாவிட்டால் அந்தத் தலையிலிருந்து வந்த சந்தன வாசம் தெரிந்திருக்கும். திருத்தணி மலையில் மொட்டை அடித்துப் பூசுகிற சந்தனம். கழுவியிருந்தார்கள், ஆனாலும் காதுக்குப் பின்னால் ஒரு தீற்றல் காய்ந்து கிடந்தது. தேவகி அதை முந்தானையால் துடைத்தாள்.

"எப்பண்ணா மொட்ட போட்ட?"

"நேத்து. வசந்தி தம்பி மடியில குந்த வெச்சி." வசந்தி அவர் மனைவி. தாய்மாமன் மடியில்தானே முதல் மொட்டை. "இவனுக்குக் கௌதமன்னு பேரு."

"முடி எப்ப மொளச்சிது?"

ராஜவேலு தறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உன்னுதுக்கு மின்னாடியே."

தேவகிக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். பிறவியா வளர்ப்பா என்று அதற்குப் பிறகு அந்த இரண்டு வீட்டிலும் யாரும் கேட்கவில்லை.

ஆடிக் கிருத்திகைக்கு எழிலனுக்கு மொட்டை. மூன்று மூட்டை நெல் கனத்தை ராஜவேலு மடியில் வாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நின்ற கௌதமனை எழிலன் பாவா, தெலுங்கில் மச்சான், என்று கூப்பிட்டான். ஒரே அச்சாக இருக்கிறார்கள், அண்ணன் தம்பிதானே, பாவா என்கிறானே என்று முடி இறக்குபவர் கேட்டார்.

"எங்கண்ணன் வூட்டுப் புள்ளயும் என் வூட்டுப் புள்ளயும் எப்பிடிங்க அண்ணன் தம்பி ஆவும்?" என்றாள் தேவகி.

அதுவும் சரிதான் என்று அவர் எழிலன் தலையில் தண்ணீர் தெளித்தார்.